துணியோடு போன உறை

அந்தச் சலவைக்கூடத்தின் பிரிப்பு மேசைக்கு ஒரு சட்டம் உண்டு. அது எந்த ஏட்டிலும் எழுதப்படவில்லை. எனினும் இருபத்திரண்டு ஆண்டுகளில் ஒரு நாளும் மீறப்பட்டதில்லை. துவைக்க வரும் ஒவ்வோர் உடுப்பின் பைகளிலும் முதலில் கைவிட்டுப் பார்க்க வேண்டும். பேனா, சீப்பு, சாவி, பேருந்துச் சீட்டு, பாதி கடித்த மிட்டாய், யாருக்கோ எழுதிக் கொடுக்காமல் விட்ட கடிதம் ஆகிய எது அகப்பட்டாலும் அதைப் பிரித்துப் பார்த்தல் ஆகாது; அதைப் பற்றிப் பேசுதலும் ஆகாது. ஒரு பழுப்பு உறையில் போட்டு, உடுப்பின் எண்ணை உறைமேல் எழுதி, துவைத்துத் தேய்த்து முடிந்தபின் அதே உடுப்பில் ஊக்கால் குத்தி அனுப்பிவிட வேண்டும். பையில் இருந்தது துணியோடு போகும். அவ்வளவுதான்.

இந்தச் சட்டத்தைக் காத்து வந்தவள் அக்காள். அவளுக்கு உடன்பிறந்தவன் ஒரே தம்பிதான். ஆயினும் கூடத்தில் வேலை செய்யும் பதினோரு பேருக்கும், அவளைவிட ஆறு வயது மூத்த முதலாளிக்கும்கூட அவள் அக்காளே. சோப்புத் தண்ணீரும் வெந்நீரும் சேர்ந்து அவளுடைய விரல் நுனிகளில் ரேகைகளை அழித்துவிட்டிருந்தன. ஓர் அலுவலகத்தில் கைரேகை வைக்கச் சொன்னபோது இயந்திரம் மூன்று முறை அவளை மறுத்தது. "இப்படி ஒரு ஆளே இல்லைன்னு சொல்லுது பாருங்க," என்று சிரித்துவிட்டு வந்தாள். ஆனால் அந்த விரல்களுக்குத் தப்பிய பை எதுவும் இல்லை.

செவ்வாய்க்கிழமைதோறும் வேலையாட்கள் தங்கள் வீட்டுத் துணிகளையும் கொண்டுவந்து துவைத்துக்கொள்ளலாம் என்பது முதலாளி கொடுத்திருந்த சலுகை. காவல் நிலையத்தின் சீருடைகள் வருவதும் செவ்வாய்க்கிழமைதான். அந்த வாரம் மழை விட்டபாடில்லை. உலர்த்தும் அறையில் ஈரத்துணிகள் கூரை வரை தொங்கின. இரண்டு பேர் காய்ச்சலில் படுத்துவிட்டார்கள். கொதிகலனைப் பார்த்துக்கொள்பவர், கோபம் வந்தால் மூச்சு இரையும் என்பதால் 'நீராவி' என்று பெயரெடுத்தவர், காலையிலிருந்தே இரைந்துகொண்டிருந்தார்.

"அக்கா, இன்னும் பத்து நிமிஷத்துல இயந்திரம் காலியாகும். துணி இல்லைன்னா நான் உள்ள போய்ப் படுத்துக்கறேன், என்னையாவது துவை!"

"உங்களைத் துவைச்சா தண்ணி கெட்டுப்போகும். இருங்க, வருது."

முப்பத்தாறு காக்கிச் சீருடைகளுக்குப் பின் அவள் கையில் முப்பத்தேழாவதாக வந்தது தம்பியின் வேலையுடுப்பு. அதுவும் காக்கி. அவன் மின்தூக்கி பழுதுபார்ப்பவன். இடுப்பருகே இருந்த சிறு பையில் அவளது சுண்டுவிரல் ஒரு காகித மடிப்பைத் தொட்டது. கட்டைவிரல் நகத்தளவே இருந்தது. அவள் அதைப் பற்றி நினைக்கவில்லை. கை எடுத்தது, உறையில் போட்டது, பேனாவை எடுத்தது. வீட்டுத் துணிக்கு எண் கிடையாதாகையால் 'வீடு, தம்பி' என்று எழுதி, ஊக்கோடு தட்டில் வைத்தது. நீராவியின் இரைச்சலுக்கு நடுவில், அன்று பிற்பகல், தேய்த்து முடிந்த முப்பத்தேழு காக்கிகளும் ஒரே வரிசையில் தொங்கின. காவல் நிலையத்துக்குப் போகும் ஒரே வண்டியில் ஏறின.

மறுநாள் பத்து மணிக்குத் தலைமைக் காவலர் வந்தார். வழக்கமாகக் கத்திக்கொண்டே நுழைபவர், அன்று செருப்பைக்கூட மெதுவாக வைத்தார். கையில் பழுப்பு உறை.

"அக்கா, இது உங்க எழுத்துதானே?"

"ஆமா. ஏன், துணி மாறிப் போச்சா?"

"துணி மட்டும் மாறியிருந்தா நான் எதுக்கு இந்த மழையில வரப்போறேன்?"

உறைக்குள் இருந்தது கஞ்சா. நிலையத்தின் தராசில் அது இரண்டு கிராமைத் தொடவில்லை. எனினும் அந்நாளில் நடப்பிலிருந்த சட்டத்துக்குச் சிட்டிகையும் குற்றம்தான், மூட்டையும் குற்றம்தான். அக்காள் அவரோடு நிலையத்துக்குப் போனாள். ஆய்வாளர் கெட்டவர் அல்லர். நாற்காலியைத் தாமே இழுத்துப் போட்டு அக்காளை உட்காரச் சொன்னார்.

"அம்மா, இதைத் தெருவுல பாத்திருந்தா கால்ல தேச்சுட்டுப் போயிருப்பேன். இது என் ஸ்டேஷனுக்கு, பன்னெண்டு பேர் முன்னால, உறவுமுறை எழுதி, ஊக்குக் குத்தி வந்திருக்கு! எங்க ஆள் ஒருத்தர் அந்த உடுப்பைப் போட்டுப் பாத்து, இடுப்புல ஏறலைன்னு உதறினப்ப விழுந்திச்சு. நான் என்ன பண்ணட்டும், நீங்களே சொல்லுங்க."

"எழுதினது நான். என்னைப் பிடிச்சுக்கங்க."

"எழுதினதுக்குச் சட்டம் இல்லம்மா. வச்சிருந்ததுக்குத்தான் இருக்கு."

அதற்குள் தம்பி வந்துவிட்டான். இடுப்பில் கருவிப்பட்டை, கையில் மசகு. அவன் உறையைப் பார்த்தான், எழுத்தைப் பார்த்தான், பிறகு அக்காளைப் பார்த்தான்.

"என்னுதுதான் சார். அக்காவுக்கு ஒண்ணும் தெரியாது," என்றான்.

வழக்குப் பதிவாயிற்று. தம்பியின் பணி உரிமம் அன்றைக்கே நிறுத்திவைக்கப்பட்டது. ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டிய உரிமம் அது. பிறர் வீடுகளுக்குள் போகிறவர்களாகையால், குற்றத் தீர்ப்பு எதுவும் இல்லை என்ற சான்று இருந்தால்தான் புதுப்பிப்பார்கள். ஒரு தீர்ப்பு ஏறிவிட்டால் ஆயுளுக்கும் கிடையாது. பதினாறு வயதில் எடுபிடியாகச் சேர்ந்து, பதினெட்டு ஆண்டுகளில் அவன் கற்ற தொழில் அந்த ஒரு காகிதத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

அக்காளும் தம்பியும் அவன் மனைவியும் குடியிருந்தது கூடத்துக்குப் பின்னால் இருந்த இரண்டு அறைகளில். சுவரின் மறுபக்கம் கொதிகலன். ஆகவே மழைக்காலத்திலும் அந்தச் சுவர் வெதுவெதுப்பாக இருக்கும். அன்று மதியம் தம்பியின் மனைவி மருந்துக்கடையிலிருந்து பாதி வேலையில் வந்துவிட்டாள். ரொட்டியும் அவித்த முட்டையும் மேசைமேல் இருந்தன. யாரும் தொடவில்லை.

"அண்ணி, ஒரே ஒரு நிமிஷம் பிரிச்சுப் பாத்திருக்கக் கூடாதா?"

"பாக்கக் கூடாதுன்னுதானேம்மா..."

"வீட்டுத் துணிக்குமா அந்தச் சட்டம்? புருஷன் பையைத் துழாவறது பெண்டாட்டியோட பிறப்புரிமை. நான் பெரிய இவளாட்டம் மரியாதை குடுத்து விட்டுவச்சேன் பாருங்க, என்னைச் சொல்லணும்." பிறகு கணவன் பக்கம் திரும்பினாள். "தினமும் நூறு பேருக்கு இந்தக் கையால தூக்க மாத்திரை எடுத்துக் குடுக்கறேன். என் பக்கத்துல படுத்திருக்கறவன் தூங்கலைன்னு எனக்கே சொல்லல. வாயில என்ன, கொழுக்கட்டையா?"

தம்பி முட்டையின் ஓட்டைச் சிறு சிறு துண்டுகளாக உரித்துக்கொண்டிருந்தான்.

"கூட்டாளி விழுந்தான்ல," என்றான்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் நடந்தது. ஏழாவது மாடி, கதவு திறந்திருந்தது, மின்தூக்கியின் பெட்டி அங்கே இல்லை. தம்பி மேலே நின்று கயிற்றைப் பிடித்திருந்தான். கீழே, அந்தத் திறந்த கதவருகே நின்றிருந்த கூட்டாளி ஓர் அடி பின்னால் வைத்தான்.

"கண்ணை மூடினா அந்தச் சத்தம் கேக்குது. சனிக்கிழமை மட்டும்தான். மறுநாள் வேலை இருந்தா தொட்டதே இல்லை, சத்தியமா."

"டாக்டர்கிட்ட போறதுக்கு என்ன?"

"தூங்க முடியாதவனை எந்தக் கம்பெனி ஏழாவது மாடிக்கு அனுப்பும்? அப்புறம் பிடிச்சுக் கிடிச்சு வச்சுட்டாங்கன்னா? பயந்துட்டேன்."

"பயந்து என்ன கிடைச்சுது?" என்று கேட்டாள் மனைவி. கேட்டுவிட்டு, அவன் உரித்து வைத்த முட்டையை எடுத்து அவன் வாயிலேயே திணித்தாள். "தின்னு. பட்டினி கிடந்தா பாவம் பாத்து விட்டுடுவேன்னு நினைக்காத."

வழக்கறிஞர் இளம்பெண். அவருடைய கறுப்பு அங்கியும் இதே கூடத்துக்குத்தான் துவைக்க வரும். பிரிப்பு மேசையருகே நாற்காலி போட்டு உட்கார்ந்து, இரண்டு வழிகளை விளக்கினார். திங்கட்கிழமை நீதிமன்றத்தில் 'ஆமாம்' என்று ஒரே வார்த்தை சொல்லிவிட்டால், முதல் முறை என்பதால் கண்டித்து அனுப்பிவிடுவார்கள். மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துவிடலாம். ஆனால் தீர்ப்பு ஏறிவிடும். மற்றொரு வழி, மூன்று மாதத் தவணை கேட்பது. சிறிதளவு வைத்திருப்பவர்களைக் குற்றவாளிகளாக்காமல் மருத்துவரிடம் அனுப்பும் புதிய சட்டத்தை ஒரு குழு ஆராய்ந்துகொண்டிருந்தது. அது நிறைவேறினால், முடியாமல் நிற்கும் வழக்குகள் அதன்படி கைவிடப்படும். முடிந்துபோன வழக்குகளைத் தொடமாட்டார்கள்.

"நிறைவேறலைன்னா?" என்றாள் அக்காள்.

"மூணு மாசம் இழுத்தடிச்சான்னு ஜட்ஜுக்குக் கோபம் வரும். உள்ளேயும் போகலாம். ஆறு மாசம் வரைக்கும். நான் பொய் சொல்ல விரும்பலம்மா."

தம்பி உடனே சொன்னான்: "நான் ஆமான்னு சொல்லிடறேன். போதும்."

"சொல்லிட்டு?" என்றாள் அக்காள்.

"வேற வேலை பாத்துக்கறேன்."

"எந்த வேலை? சான்று கேக்காத வேலை எது இருக்கு, சொல்லு. குழந்தையா இருந்தப்பவே கடிகாரத்தைக் கழட்டி மாட்டினவன் நீ. ஒரு நட்டு, ஒரு போல்ட்டு இல்லாம உன்னால உக்கார முடியுமா?"

"ஊரெல்லாம் தெரிஞ்சு நிக்கறதைவிட இது மேல்க்கா."

அக்காள் வழக்கறிஞரிடம் கேட்டாள்: "அந்தக் குழு யாரு பேச்சைக் கேக்கும்?"

"யாரு வேணாலும் பேசலாம். வர்ற வெள்ளிக்கிழமை, நகர மண்டபத்துல. ஒருத்தருக்கு அஞ்சு நிமிஷம்."

"என் பேரை எழுதிடுங்க."

செய்தி கொதிகலன் அறைக்குப் போக அரைமணி நேரம்கூட ஆகவில்லை. நீராவி இரைந்துகொண்டு வந்தார்.

"அக்கா, நல்லா கேட்டுக்க. எத்தனை பெரிய மனுஷங்க பையில எத்தனை மடிப்பு பாத்திருப்ப? கோட்டு போட்டவன், அங்கி போட்டவன், நாட்டுக்கே புத்தி சொல்றவன்... வரிசையா நம்பரைப் படி. மண்டபமே நாறிடும். அப்புறம் எவன் உன் தம்பி மேல கை வைப்பான்?"

"பிரிச்சுப் பாக்கலையே நான். எனக்கு எப்படித் தெரியும்?"

"உன் விரலுக்குத் தெரியும். என்கிட்டயேவா?"

அது உண்மைதான். காகிதத்துக்குள் இருப்பது பொத்தானா, மாத்திரையா, இலையா என்று அந்த விரல்கள் அறியும். இருபத்திரண்டு ஆண்டுகளில் அவள் எத்தனை மடிப்புகளைத் தொட்டிருப்பாள்! ஒவ்வொன்றும் உறையில் ஏறி, உரியவரிடமே திரும்பியது. அன்று முழுவதும் அவள் நீராவியின் யோசனையை மனத்தில் போட்டுப் புரட்டினாள். மாலை வேலை முடியும் வேளையில் அவரிடம் போய், "முடியாது," என்று மட்டும் சொன்னாள்.

"தம்பியைவிட வாடிக்கைக்காரன் பெருசா?"

"அவங்களையும் இவன் மாதிரி ஆக்கறதுக்கு நான் எதுக்குப் போகணும்? இவனை அவங்க மாதிரி விடணும்னுதான் போறேன்."

நீராவி நீண்ட மூச்சொன்றை விட்டார். "அப்ப அந்த நல்ல சேலையைக் குடு. நானே தேச்சுத் தரேன். உன் தேய்ப்பு விளிம்புல நிக்காது," என்றார்.

வெள்ளிக்கிழமை மழை ஓய்ந்திருந்தது. நகர மண்டபத்தின் மின்தூக்கிக் கதவில் 'பழுது' என்ற அட்டை தொங்கியது. குழுவினர் எழுவரும் மூன்று மாடிகள் படியேறி, வேர்த்து விறுவிறுத்து வந்து அமர்ந்தார்கள். அக்காளுக்கு முன்னால் பேசியவள் வெளிறிய முகமுடைய ஒரு தாய். அவள் மகன் இறந்துவிட்டான். "இந்த மாதிரி ஒரு சின்னப் பொட்டலத்துலதான் ஆரம்பிச்சான். பயம் இருக்கணும். பயத்தை எடுத்துடாதீங்க," என்று சொல்லி அழாமல் இறங்கினாள். அக்காள் மேடையேறி, ஒலிவாங்கியின் தண்டை இறுகப் பற்றினாள். ஐந்து நிமிடத்தைக் காட்டும் பச்சை விளக்கு எரிந்தது.

"அந்த அம்மா சொன்னது பொய்யில்லை," என்று தொடங்கினாள் அவள். "அவங்க முன்னால நின்னு பேச எனக்கே கூசுது. ஆனா என் தம்பிக்கும் பயம் இருந்துச்சுங்க. நிறைய இருந்துச்சு. அந்தப் பயத்துலதான் டாக்டர்கிட்ட போகல. பெண்டாட்டிகிட்ட சொல்லல. என்கிட்டயும் சொல்லல. பயந்தவன் நிறுத்தலைங்க, ஒளிச்சான். அந்தம்மா பையனும் யார்கிட்டயாவது சொல்ல நினைச்சிருப்பான்."

முன் வரிசையில் அந்தத் தாய் தலை நிமிர்ந்தாள்.

"இந்தக் கட்டடத்து லிஃப்டை மாசாமாசம் பாத்தது என் தம்பிதான். இன்னிக்கு எல்லாரும் மூணு மாடி ஏறி வந்திருக்கீங்க. அவன் பையில இருந்தது ரெண்டு கிராம். அதுக்கு மேல எனக்கு விளக்கம் தெரியாதுங்க."

சிரிப்பொன்று எழுந்து அடங்கியது. குழுவில் வெள்ளிச் சட்டக் கண்ணாடி அணிந்த ஒருவர் ஒலிவாங்கியை இழுத்தார்.

"உங்க தம்பின்னு நீங்க பேசறீங்க, சரி. ஆனா சட்டத்தைத் தளர்த்தினா கெட்டுப்போவாங்களே. தண்டனை இல்லாம ஒருத்தன் திருந்துவான்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"பாத்திருக்கேங்க. இருபத்திரண்டு வருஷமா." அவள் தன் கூடத்தின் சட்டத்தைச் சொன்னாள்: பிரிக்காத மடிப்பு, பழுப்பு உறை, ஊக்கு. "நிறையத் திருப்பிக் குடுத்திருக்கேன். நல்ல வேலையில இருக்கறவங்க துணியும் அதுல உண்டு. ஒருத்தரும் ஜெயிலுக்குப் போகல. மறுநாள் வேலைக்குப் போனாங்க. சில பேருக்கு அந்தக் கவர் ரெண்டு வாரம் வரும், நாலு வாரம் வரும், அப்புறம் வராது. நின்னுடும். வேலை இருந்துச்சு, வீடு இருந்துச்சு, நின்னுடுச்சு. நிக்காதவங்களும் உண்டுங்க, இல்லைன்னு சொல்லல. அவங்களுக்குத்தான் டாக்டர் வேணும்."

"யார் அந்த நல்ல வேலையில இருக்கறவங்க? சொல்ல முடியுமா?"

விளக்கு மஞ்சளாயிற்று.

"எனக்குப் பேர் தெரியாதுங்க. கழுத்துப் பட்டைக்கு உள்பக்கம் நாங்க ஒரு நம்பர் குத்துவோம். அதுதான் தெரியும். அதையும் நான் சொல்ல மாட்டேன். பையில இருந்தது துணியோட போயிடுச்சு. அவ்வளவுதான்."

அப்போது அது நிகழ்ந்தது. கண்ணாடிக்காரரின் கை, அவரறியாமலே, தம் கழுத்துப் பட்டைக்குச் சென்றது. அவருக்கு மூன்று இருக்கை தள்ளி இன்னொரு கை உயர்ந்தது. பார்வையாளர் வரிசைகளிலும் இங்கொன்றும் அங்கொன்றுமாகக் கைகள் பட்டையைத் தடவி, சட்டென்று இறங்கின. அக்காள் தரையைப் பார்த்துக்கொண்டாள். யாருடைய கை என்று கணக்கெடுக்க அவள் வரவில்லை.

"அவங்களுக்குத் திருப்பிக் குடுக்க நான் ஒருத்தி இருந்தேங்க," என்றாள். "என் தம்பியோட கவர் மட்டும் தப்பான இடத்துக்குப் போச்சு. என் தப்பு அது. அதைத் திருப்பிக் குடுக்க ஒரு வழி பண்ணுங்க. அவனுக்கு மட்டும் இல்ல."

சிவப்பு விளக்கு எரிந்தது. அவள் இறங்கி வந்தபோது, இறந்த மகனின் தாய் நகர்ந்து, பக்கத்தில் இடம் விட்டாள். அக்காள் அங்கே உட்கார்ந்தாள்.

படிக்கட்டுக்கு வந்தபோதுதான் தம்பியைக் கண்டாள். மின்தூக்கிக் கதவில் சாய்ந்து நின்றிருந்தான். வரமாட்டேன் என்று சொன்னவன்.

"எப்ப வந்த?"

"நீ நடுங்கினப்ப." கதவை இரண்டு விரல்களால் தட்டினான். "இது பெரிய பழுதே இல்லக்கா. வாசல்ல தூசி அடைஞ்சிருக்கும். அஞ்சு நிமிஷ வேலை."

"தொடாத. உரிமம் வந்தப்புறம் தொடு."

திங்கட்கிழமை நீதிமன்றத்தில் அவன் என்ன சொல்லப் போகிறான் என்று அவள் கேட்கவில்லை. கேட்டால் அவளுக்காகவே தவணை கேட்டுவிடுவான் என்று அஞ்சினாள். பெயர் அழைக்கப்பட்டது. அவன் கூண்டில் ஏறினான். குற்றத்தை ஒப்புக்கொள்கிறீரா என்று நீதிபதி கேட்டார். வழக்கறிஞர் வாய் திறக்குமுன் தம்பியே பேசினான்.

"அந்தப் பொட்டலம் என்னுதுதாங்க ஐயா. அதை மறைக்கல. முந்தாநாள் டாக்டர்கிட்டயும் சொல்லிட்டேன், சீட்டு இருக்கு. ஆனா நான் குற்றவாளின்னு என் வாயால சொல்ல மாட்டேன். சட்டம் வர்ற வரைக்கும் தவணை குடுங்க. வரலைன்னா வந்து நிக்கறேன். ஓடிப்போற ஆள் இல்ல."

நீதிபதி மருத்துவரின் சீட்டைப் புரட்டினார், வழக்கறிஞரைப் பார்த்தார், பெருமூச்சு விட்டார். மூன்று மாதத் தவணை எழுதப்பட்டது. தம்பியின் மனைவி அக்காளின் கையைப் பற்றினாள். அது தோளெலும்பு வரை வலித்தது.

மறுநாள் செவ்வாய்க்கிழமை. காவல் நிலையத்துக் காக்கிகள் வந்தன. அவை அனைத்தும் வண்டியேறியபின், அக்காள் அலமாரியின் அடித்தட்டிலிருந்து, நிலையத்திலிருந்து திரும்பி வந்த தம்பியின் காக்கியை எடுத்தாள். வழக்குப் பதிவான நாள் முதல் அதை யாரும் தொடவில்லை. கழுத்துப் பட்டையிலும் இரு கைகளின் ஓரத்திலும் சிவப்பு நூலால், கண்ணில் அறையும்படி, தடித்த தையல் போட்டாள். பிறகு தண்ணீர் தெளித்து இஸ்திரிப் பெட்டியை வைத்தாள்.

கூடத்தில் துணிப்பாரம் தூக்கும் பழைய இரும்புக் கப்பி பத்தாண்டுகளாக அழுதுகொண்டிருந்தது. அதற்கு உரிமம் தேவையில்லை. அதன்கீழ் மல்லாந்து படுத்து மசகு போட்டுக்கொண்டிருந்த தம்பி தலையைத் திருப்பினான்.

"எதுக்குக்கா இப்பவே தேய்க்கற? மூணு மாசத்துக்கு அதைப் போடப் போறதில்ல. மடிப்புக் கலைஞ்சிடும்."

"கலையட்டும்," என்றாள் அக்காள், கால்சட்டையின் ஓரத்தை நேராக இழுத்துப் பிடித்தபடி. "கலைஞ்சா மறுபடியும் தேய்க்கறேன்."